மேனி மல்ஹோத்ராவின் இடது கண்

போடிநாயக்கனூரில் தண்ணீர் தானாக உறைந்து யாரும் பார்த்ததில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில், மலையடிவாரத்தில் கிடக்கிற ஊர். மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு போகிறவர்கள் ஜனவரி விடியலில் சில நாள் வேறொரு காட்சியைக் காண்பார்கள். புல்வெளி முழுக்க உப்பு பூத்த மாதிரி வெள்ளையாக உறைபனி. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். அது தொட்ட தேயிலைக் கொழுந்து மட்டும் கருகிப்போகும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு உமிழ்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டுச் செடி தப்பிக்கும்போது ஓடையோரத்துச் செடி கருகுகிறது. ஏலத்தோட்டங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை பெரும்பாலும் இன்னும் தாழ்வான உயரத்தில் இருக்கின்றன. அதோடு, மேலே கவிந்திருக்கும் நிழல்மரங்கள் நிலத்தின் வெப்பம் வானுக்குத் தப்பிப் போகாமல் தடுத்துக் கீழேயே வைத்துக்கொள்கின்றன.

நம் மலைகளில் இயற்கையாக விளையும் பனிக்கட்டி அந்த மெல்லிய படலம் அளவுதான். அதே பொருளை 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலத்துக்குத் தளமாக உறையவைத்து, அதன்மேல் மணிக்கு 35 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சறுக்கிப் பிழைப்பு நடத்தும் மனிதர்கள் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறார்கள். அவர்களில் நம் வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களில் நீண்ட காலம் ஆடியவர் மேனி மல்ஹோத்ரா. கனடாவின் மிசிசாகாவில் 1980-இல் பிறந்தவர். தந்தை இந்திய வம்சாவளி, தாய் பிரெஞ்சு கனடியர். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் போட்டித் தொடரான தேசிய ஹாக்கி லீகில் 991 ஆட்டங்கள். முன்கள வீரர். அடித்த கோல்கள் 116.

அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். முன்கள வீரரின் வேலை கோல் அடிப்பது என்றுதானே கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் நிற்கும் சிறுவன்கூடச் சொல்வான்? ஏறக்குறைய ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்தவரை ஏழு அணிகள் ஏன் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டன? அதற்கு விடை தேட அவர் காலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? சறுக்குக் காலணியின் மெல்லிய அலகு தரும் அழுத்தத்தில் பனி உருகி நீராகிறது, அந்த நீரில் ஆள் வழுக்குகிறார் என்று பல பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. கணக்குப் போட்டால் அது நிற்காது. பனியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி குறைக்க, காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 135 மடங்கு அழுத்தம் தேவை. ஹாக்கித் தளம் இருப்பதோ மைனஸ் 5, 6 டிகிரியில். சாதாரணச் செருப்போடு நிற்பவரும் வழுக்கி விழுகிறாரே, அவர் என்ன அழுத்தம் கொடுத்துவிட்டார்? 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் உராய்வின் வெப்பம்தான் பனியை உருக்குகிறது என்று காட்டினார்கள். அதற்கும் ஏறத்தாழ 90 ஆண்டு முன்பே மைக்கேல் ஃபாரடே இன்னொரு பக்கம் கை காட்டியிருந்தார். இரண்டு பனிக்கட்டிகளைத் தொட்டபடி வைத்தால் அவை ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே பனியின் மேற்பரப்பு உள்ளிருக்கும் பனியைப்போல் இல்லை என்பது அவர் ஊகம்.

ஊகம் சரியான திசையில்தான் இருந்தது. கட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு பக்கமும் அண்டை மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கிறது. மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு மேலே பிடிமானம் இல்லை. பிணைப்பு குறைந்த அவை எளிதில் இடம் பெயர்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் குழுவினர் 2018-இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத் தெளிவாக்கின. மிளகு சிதறிக் கிடக்கும் சிமென்ட் களத்தில் கால் வைத்தவருக்கு என்ன நேருமோ, அதுதான் பனியின்மேல் நேர்கிறது. காலுக்கடியில் உருள்பவை மூலக்கூறுகள். கடுங்குளிரில் அவை அசையாமல் இறுகிவிட, பனியும் வழுக்காது. உருகுநிலையை நெருங்கினாலோ பனி மிருதுவாகி, அலகு அதைக் கிழித்துப் புதைந்துவிடும். அவர்களது ஆய்வில் உராய்வு மிகக் குறைவாக இருந்த வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி. அரங்கங்களில் தளம் பராமரிப்பவர்கள் இந்த ஆய்வு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கைப்பழக்கத்தில், அதை ஒட்டிய வெப்பநிலைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். தொழில் தெரிந்தவர்களின் கை, அறிவியலுக்கு முன்னால் போய் நிற்கும் இடங்கள் இப்படிப் பல உண்டு. நம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் சூட்டைக் கையால் பார்த்தே சொல்லும் பெரியவர்களும் அந்த வரிசையில் வருபவர்கள்தான்.

வழுக்கும் தரையில் முன்னால் போவது எப்படி? முன்னும் பின்னும் உதைத்துப் பயனில்லை. அந்தத் திசையில்தான் அலகு வழுக்குகிறது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகின் அடிப்பகுதி நடுவில் குழிவாகத் தீட்டப்பட்டிருக்கும். அதனால் அதற்கு இரண்டு கூர்விளிம்புகள். பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு விளிம்பு பனியில் பதியும். வீரர் காலை வெளிப்பக்கமாக உதைக்கிறார், உடல் முன்னால் போகிறது. ஓட்டத்தில் அதிகம் உழைக்காத இடுப்பின் பக்கத் தசைகளும் உள்தொடைத் தசைகளும் இங்கே முழுச் சுமை தாங்குகின்றன. ஹாக்கி வீரர்களை அடிக்கடி முடக்குவது உள்தொடைத் தசைக் கிழிசல் என்பது இதன் நேரடி விளைவு.

அவர்கள் துரத்தும் பக் என்ற வட்டு, கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். விட்டம் 7.62 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறையவைக்கிறார்கள். குளிரில் ரப்பரின் துள்ளல் குறைகிறது; மோதலின் ஆற்றலை அது திருப்பித் தராமல் உள்ளேயே வெப்பமாக்கிவிடுகிறது. துள்ளாத வட்டு தரையோடு வழுக்கிப் போகும்.

இனி ஆட்டம். ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் களத்தில் ஆறு பேர்: கோல் காப்பவர், தடுப்பவர் இருவர், முன்கள வீரர் மூவர். முன்கள மூவரில் நடுவில் ஆடுபவர் சென்டர். ஓர் அணியில் இப்படி மூவர் மூவராக நான்கு கூட்டணிகள். ஒரு கூட்டணி களத்தில் இறங்கி 40, 45 நொடி ஆடிவிட்டு வெளியேறும். ஆட்டம் நிற்காமலே அடுத்த கூட்டணி உள்ளே குதிக்கும். நம் மைதான ஹாக்கியிலும் வீரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு விரைவாக அல்ல. 45 நொடி என்பது யாரோ வகுத்த விதி அல்ல, தசையின் கணக்கு.

முழுவேகத்தில் பாயும் தசை முதலில் செலவழிப்பது கையிருப்பில் உள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டை. அது பத்து நொடி அளவுக்குத்தான் தாங்கும். அடுத்து, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் தசைச் சர்க்கரையை உடைக்கும் வேதிவினை கை கொடுக்கிறது. அது வேகமானது, ஆனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, பாஸ்பேட் அயனிகள் குவிகின்றன, தசைநார்கள் இழுக்கும் பலம் குறைகிறது. ஒரு நிமிடம் நெருங்கும்போது கால் கனக்கும். அதன் பிறகும் களத்தில் நிற்பவர் தன் அணிக்குச் சுமை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு, மூன்று நிமிடத்தில் மூச்சுவழி வரும் ஆக்சிஜன் கிரியேட்டின் பாஸ்பேட்டின் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்துவிடும். ஆகவே நல்ல முன்கள வீரருக்கு வேண்டியது பாயும் கால் மட்டுமல்ல. உட்கார்ந்திருக்கும்போது சீக்கிரம் மீளும் இதயமும் நுரையீரலும்கூட. 60 நிமிட ஆட்டத்தில் ஒரு முன்கள வீரர் மொத்தமாகப் பனியில் இருப்பது பெரும்பாலும் 12 முதல் 20 நிமிடம்தான். மல்ஹோத்ரா ஆடிய காலத்தில் வழக்கமாகப் பருவத்துக்கு 82 ஆட்டங்கள்.

1998-இல், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில், மல்ஹோத்ராவை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு மேலே தேர்வாகிறவரிடம் எல்லோரும் கோல்களை எதிர்பார்ப்பார்கள். அவர் வேறு ஒருவராக வளர்ந்தார். டல்லாஸ், கொலம்பஸ், சான் ஹோசே என்று அணி மாறி, 2010-இல் வான்கூவர் கனக்ஸுக்கு வந்தபோது, ஆட்டத்தின் ஒரு நுண்ணிய வேலையில் உலகின் முதல் வரிசையில் இருந்தார். அந்த வேலையின் பெயர் ஃபேஸ் ஆஃப்.

ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு அணியின் சென்டர்கள் எதிரெதிரே குனிந்து நிற்க, நடுவர் வட்டை நடுவில் போடுவார். யார் முதலில் தன் பக்கம் இழுக்கிறாரோ அவர் அணிக்கு வட்டு. நடுவரின் கை இடுப்பு உயரத்தில், 90 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையிலிருந்து நழுவிய வட்டு பனியைத் தொட 0.43 நொடி ஆகும். நடுவரின் விரல் விரிந்ததைக் கண் கண்டு, செய்தி மூளைக்குப் போய், முதுகுத்தண்டு வழியாகக் கைத்தசைக்கு வந்து சேர 0.2 நொடி போய்விடும். மீதியில் மட்டையைச் சரியான கோணத்தில் திருப்ப வேண்டும், எதிராளியின் மட்டையை விலக்க வேண்டும், வட்டைத் தன் ஆள் நிற்கும் இடத்துக்குத் தள்ள வேண்டும். வெறும் வேகத்தால் இது முடியாது. எதிரே நிற்பவர் கையை எப்படிப் பிடித்திருக்கிறார், எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார், இந்த நடுவர் வட்டை எப்படிப் போடுவார் என்பதையெல்லாம் வட்டு விழும் முன்பே படித்து, பாதி முடிவை எடுத்துவிட வேண்டும். சமபலம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஐம்பது வெல்வார்கள். 2010-11 பருவத்தில் மல்ஹோத்ரா நூற்றுக்கு அறுபதைத் தாண்டி வென்றார்.

பயிற்சியாளர் ஆலன் விக்னோ அந்தத் திறமையைப் பயன்படுத்திய விதம் இன்னும் பேசப்படுகிறது. தங்கள் கோலுக்கு அருகில், ஆபத்தான இடத்தில் ஃபேஸ் ஆஃப் வந்தால் மல்ஹோத்ராவின் கூட்டணி இறங்கும். எதிரணிக் கோலுக்கு அருகில் வந்தால், அணியின் நட்சத்திர முன்கள வீரர்களான செடின் இரட்டையர்களின் கூட்டணி இறங்கும். கோலடிக்க வசதியான இடம் எல்லாம் அவர்களுக்கு, கோல் வாங்க வாய்ப்புள்ள இடம் எல்லாம் இவருக்கு. அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி வான்கூவர்தான். செடின்களின் கோல்களில் மல்ஹோத்ராவின் பங்கு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அவர் பெயருக்கு நேராக வராது. 116 என்ற எண்ணை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். ஆட்டத்தை எந்த இடத்திலிருந்து தொடங்கினார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு முன்கள வீரரை அளக்க முடியாது. அண்மைக் காலத்துப் புள்ளிவிவர ஆய்வாளர்கள் இப்போது அதைத் தனியாகவே கணக்கிடுகிறார்கள்.

2011 மார்ச் 16. கொலராடோ அணியுடன் ஆட்டம். எதிராளி ஒருவரின் மட்டையில் பட்டுத் திசைமாறிய வட்டு மல்ஹோத்ராவின் இடது கண்ணைத் தாக்கியது. அவர் முகத்தில் கண்ணைக் காக்கும் தடுப்புத் தகடு இல்லை. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் வட்டு 3 மீட்டர் தொலைவில் திசைமாறினால் முகத்தை அடைய 0.075 நொடி ஆகும். மனிதர் அதைப் பார்த்து விலக வேண்டிய நேரத்தில் பாதிகூட இல்லை. எவ்வளவு கூர்மையான கண்ணும், எவ்வளவு பயின்ற மூளையும் அந்த இடைவெளியில் உதவாது. அங்கே காக்கக்கூடியது ஒரு பிளாஸ்டிக் தகடு மட்டும்தான். 2013-14 பருவத்திலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தகட்டைக் கட்டாயமாக்கினார்கள். எளிமையான கணக்கு இது. யாரும் எந்த நாளிலும் போட்டிருக்கலாம். பல கண்கள் போன பிறகே விதி வந்தது என்பது எனக்கு ஆறவில்லை.

பல அறுவைசிகிச்சைகள் நடந்தன. இழந்த பார்வையின் பெரும்பகுதி திரும்பவில்லை. ஒரு கண்ணில் பார்வை போனால் என்ன போகிறது? இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. கைக்கு எட்டும் தூரத்தில் இந்தக் கணக்கு மிக நுட்பமானது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரியும். வட்டு மட்டையில் வந்து சேரும் தூரமும், ஃபேஸ் ஆஃப் நடக்கும் தூரமும் அதே நெருக்கம்தான். அதோடு பார்வைப் பரப்பின் ஒரு பக்கத்தில் சுமார் 40 பாகை குறைந்துபோகும். உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில், இடப்பக்கமிருந்து வருகிறவர் தெரியமாட்டார் என்றால் அது உயிர்ப் பயம்.

ஆனால் ஆழத்தை அறிய மூளைக்கு வேறு வழிகளும் உண்டு. நம்மை நோக்கி வரும் பொருளின் பிம்பம் விழித்திரையில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதிலிருந்து, அது எப்போது வந்து சேரும் என்று ஒற்றைக் கண்ணே கணிக்கும். தலையை அசைத்தால் அருகிலுள்ளது வேகமாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்வதாகத் தெரியும். ஒன்றை ஒன்று மறைப்பதிலிருந்து முன்பின் தெரியும். பறிபோன கண்ணுக்கு ஈடாக மூளை இந்தக் குறிப்புகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கப் பழகிக்கொள்கிறது, பழக மாதக்கணக்காகும். அந்த மாதங்கள் மல்ஹோத்ராவுக்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம், லீகின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்போடு அவர் களத்தில் இறங்கினார். அரங்கமே எழுந்து நின்றது. தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய், கோப்பையை பாஸ்டன் வென்றது.

அடுத்த பருவமும் வான்கூவர் அவரை அதே கடினமான இடங்களில்தான் இறக்கியது. 2013 பிப்ரவரியில் அணி நிர்வாகம், இந்தப் பார்வையோடு ஆடுவது அவருக்கே ஆபத்து என்று கூறி அந்தப் பருவத்துக்கு அவரை நிறுத்திவைத்தது. வயது 32. பெரும்பாலானவர்களுக்கு அங்கே கதை முடிந்திருக்கும். அடுத்த பருவத்தில் அவர், ஒரு படி கீழேயுள்ள அமெரிக்கன் ஹாக்கி லீகில், சார்லட் செக்கர்ஸ் அணியில் வாய்ப்புக் கேட்டுச் சேர்ந்து, சில வாரங்களில் மேல்நிலை அணியான கரோலினாவுக்கு அழைக்கப்பட்டார். அந்தப் பருவம் 69 ஆட்டங்கள் ஆடினார். விடாமுயற்சிக்கும் ஆட்டப்பண்புக்கும் தரப்படும் மாஸ்டர்டன் விருதின் இறுதி மூவரில் ஒருவராக வந்தார். பின்னர் மாண்ட்ரியலுக்கு ஒரு பருவம்.

இந்த மீள்வை மனவுறுதி என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனவுறுதி இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவருடைய திறமையின் அடித்தளம் பாய்ச்சலில் இருந்திருந்தால், மட்டையின் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் மட்டும் இருந்திருந்தால், கண்ணோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும். அது முன்கூட்டிப் படிப்பதில் இருந்தது. வட்டு விழும் முன் எதிராளியின் தோள் சொல்வதைப் படிக்க இரண்டு கண்ணின் ஆழக்கணக்கு தேவையில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் பல ஆண்டுகளாக விளையாட்டு வீரர்களின் கண்ணசைவுகளை அளந்துவந்தார். ஐஸ் ஹாக்கி கோல் காப்பவர்களைப் பற்றி அவரும் டெரெக் பான்சுக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரிந்தது. கோலைத் தடுத்த தருணங்களில் அவர்களது பார்வை, அடி விழும் முன்பே வட்டிலும் மட்டையிலும் போய் நிலைத்து, அதிக நேரம் நின்றது. தவறவிட்டபோது பார்வை தாமதமாக நிலைத்தது. எங்கே பார்ப்பது, எப்போது பார்க்கத் தொடங்குவது என்பது பிறவிக் கூர்மை அல்ல, பயிற்சி. பயிற்சி என்றால் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

கற்றுக்கொள்ள நம் நாட்டிலும் ஆள் உண்டு. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு வேர் லடாக்கில் இருக்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் குளங்கள் குளிர்காலத்தில் தானாக உறைகின்றன. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 45 நொடி பாய்ந்துவிட்டு வந்து மீள்வதற்கு அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் லடாக்கிப் பெண்களைக் கொண்ட இந்திய மகளிர் அணி 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம். இயற்கைப் பனி இரண்டு மாதம்தான் நிற்கும் ஊரிலிருந்து அது வந்தது. ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் செயற்கைத் தளங்கள் நாட்டில் மிகக் குறைவு என்ற நிலை மாறாமல் அவர்களிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மல்ஹோத்ராவோ ஆட்டத்தை விட்ட பிறகு, கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரானார். வான்கூவரிலும் டொரண்டோவிலும் துணைப் பயிற்சியாளர். 2024-இல், வான்கூவரின் கீழ்நிலை அணியான, பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபட்ஸ்ஃபோர்ட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பஞ்சாபியர் பெருமளவில் வாழும் ஊர் அது. 2025 ஜூனில் அந்த அணி அமெரிக்கன் ஹாக்கி லீகின் கால்டர் கோப்பையை வென்றது. கோப்பையை வென்ற அந்த அணியில் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்ற முன்கள வீரரும் இருந்தார். அதே மாகாணத்துச் சர்ரே ஊரில் வளர்ந்த பஞ்சாபி இளைஞர். ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2021-22-இல் மேற்குக் கனடாவின் இளையோர் லீகில் எல்லோரையும்விட அதிகப் புள்ளிகள் குவித்த பிறகுதான் வான்கூவர் அழைத்தது. 2024 பிப்ரவரியில் தேசிய ஹாக்கி லீகில் முதல் ஆட்டம் ஆடினார்.